கடல் வாங்கும் நேரம்: காவிரிக் கடைமடை வெள்ளத்துக்கு எந்த வழி?

மழை நின்று மூன்று நாளாகியிருக்கும். வெயில்கூடச் சுள்ளென்று அடிக்கும். ஆனால் வயலில் தேங்கிய தண்ணீர் ஒரு விரற்கடைகூடக் குறைந்திருக்காது. நாகை மாவட்டத்துத் தலைஞாயிறு பக்கத்தில் எங்கள் வயலில் இதைப் பல கார்த்திகை மாதங்களில் பார்த்திருக்கிறேன். அப்பா வரப்பு ஓரத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டுவைத்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் அரிவாளால் ஒரு கீறல் போடுவார். மறுநாள் விடிந்ததும் போய்ப் பார்ப்பார். கீறல் இன்னும் நனைந்தபடியே இருந்தால் திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "கடல் வாங்கலை."

எங்கள் பகுதியின் வெள்ளப் பிரச்சினை இந்த இரண்டு சொல்லில் அடங்கிவிடுகிறது. கடலே பொங்கி ஊருக்குள் வருவது சுனாமியிலும் பெரும்புயலிலும் நடப்பது. 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதை யாராலும் மறக்க முடியாது. ஆனால் ஆண்டுக்காண்டு எங்கள் சம்பாவை அழுகவைப்பது வேறு தண்ணீர். எங்கள் தலைமீதே பெய்த மழை, வடிகாலிலும் ஆற்றிலும் இறங்கி, கடலுக்குள் போக முடியாமல் நிற்கிறது. காவிரியில் பெருவெள்ளம் வந்தால் அதைக் கொள்ளிடம் வழியாகத் திருப்பிவிட மேலணையும் கல்லணையும் இருக்கின்றன. உள்ளூர் மழைக்கு அப்படி ஒரு கொள்ளிடம் இல்லை.

என்ன செய்யலாம் என்று குறைதீர் கூட்டத்தில் கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். கடலோரம் கல் கொட்டு, கதவணை கட்டு, தூர்வாரு, பம்ப் வை, அலையாத்தி நடு, நெல் ரகத்தை மாற்று, ஊரையே மாற்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பணமும் காலமும் அளவோடு இருக்கும்போது எதை முதலில் எடுப்பது? இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க அப்பாவின் சொல்லையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். கடல் தண்ணீர் வாங்கும் நேரத்தை இந்த வழி கூட்டுமா? கூட்டாதென்றால், கடல் வாங்காத நேரத்தில் தண்ணீர் பயிரையும் வீட்டையும் கெடுக்காமல் தங்க இடம் தருமா? இரண்டும் இல்லையென்றால், அந்தத் திட்டத்துக்கு வேறு நல்ல காரணம் இருக்கலாம். எங்கள் வெள்ளத்துக்கு அது மருந்தாகாது.

கடல் ஏன் வாங்குவதில்லை

இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இருமுறை ஓதம் (கடல் மட்டம்) ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. வற்றும்போதுதான் ஆற்றுத் தண்ணீர் வெளியே ஓடும். நாகப்பட்டினம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலுள்ள உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இந்த ஒரு விவரத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கடல் 60 செ.மீ. ஏறி இறங்கும் இடத்தில், அதன் சராசரி மட்டம் 10 செ.மீ. உயர்ந்தால் அந்த உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. 3 மீட்டர் ஏறி இறங்கும் இடத்தில் அதே 10 செ.மீ. முப்பதில் ஒரு பங்குதான்.

உலகச் சராசரிக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. 2006 முதல் 2018 வரையிலான வேகத்தைத் தனியாகப் பார்த்தால் ஆண்டுக்கு 3.7 மி.மீ. அந்த வேகம் இனிமேல் கூடாமல் அப்படியே நின்றால்கூட 27 ஆண்டுகளில் 10 செ.மீ. வந்துவிடும். இன்று நடவு நடும் ஒரு இளைஞர் தன் பிள்ளைக்கு நிலத்தைக் கொடுக்கும் முன்பே அந்த 10 செ.மீ. வந்து நிற்கும்.

இன்னொன்று. இந்தக் கடல் ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. பங்குனி வாக்கில் தாழ்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உயர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். புயல் சின்னம் உருவாகிவிட்டால் காற்று வேறு கடலைக் கரைப்பக்கம் தள்ளும். ஆக, வடிய வேண்டிய தண்ணீர் அதிகமாக இருக்கும் நாளில்தான் வடிவதற்கான நேரம் குறைவாக இருக்கிறது. 2022 நவம்பர் 11ஐ ஒட்டிய ஒரே நாளில் சீர்காழியில் 44 செ.மீ. மழை பெய்தது. அத்தனை தண்ணீரும் வயலிலிருந்து கடலுக்கு இறங்குவதற்கு எங்கள் பக்கம் இருக்கும் சரிவு மிகக் கொஞ்சம்.

நிலமாவது உயர்கிறதா என்றால், அதுவும் இல்லை. டெல்டா என்பதே ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். மேலே புது வண்டல் படியாவிட்டால் கீழே கிடப்பது தன் எடையிலேயே அமுங்கும். கிருஷ்ணராஜசாகரும், 1934இல் கட்டி முடித்த மேட்டூரும், பிறகு வந்த கபினி, ஹேமாவதி அணைகளும் அந்த வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கொள்ளிடத்தின் மணலோ பல ஆண்டுகளாக லாரியில் போனது. கடல் ஏறுகிறது, நிலம் ஏறவில்லை.

கடலோரம் கல் கொட்டுவது

தரங்கம்பாடிக்குப் போனவர்கள் டேனிஷ் கோட்டைக்குப் பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயிலைப் பார்த்திருப்பார்கள். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதி கடலில் போய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கரையில் பாறாங்கல் போட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் அது சரி. பின்வாங்க இடமில்லாத பழைய ஊருக்கும் துறைமுகத்துக்கும் வேறு வழி கிடையாது.

அதையே கடற்கரை நெடுக நீட்ட வேண்டும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் கரையில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. ஓரிடத்தில் கடலுக்குள் கல் நீட்டினால் அதன் வடபக்கத்து ஊருக்கு மணல் வராது, அரிப்பு அங்கே போகும். அந்த ஊரும் கல் கேட்கும். எங்கள் அளவுகோலில் வைத்தால் இன்னும் தெளிவு: சுவர் வடியும் நேரத்தை ஒரு நிமிடம்கூடக் கூட்டாது. முகத்துவாரத்தில் திறப்பு சிறிதானால் குறைக்கவும் செய்யும்.

கதவணையும் தூர்வாருதலும்

அரசு இப்போது எங்கள் பக்கம் முக்கியமாகக் கையில் எடுத்திருப்பது இந்த வழியைத்தான். வெண்ணாற்று உபவடிநிலத்தில் ஹரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றை அகலப்படுத்தவும், கரை பலப்படுத்தவும், பழைய இயக்கு அணைகளை (கதவணைகளை) புதுப்பிக்கவும் ஒரு பெரிய திட்டம் வந்தது. அதற்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2016இல் 10 கோடி டாலர் கடன் கொடுத்தது. காலநிலை மாற்றத்தைத் தாங்குவதற்கான திட்டம் என்றே அதற்குப் பெயர். கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் உப்புநீர் ஏறுவதைத் தடுக்கக் கதவணை வேண்டும் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்கிறார்கள்.

கடைமடை இயக்கு அணையின் வேலை எளிமையானது. ஓதம் ஏறும்போது கதவை இறக்கி உப்புநீரைத் தடுப்பது, வற்றும்போது ஏற்றி வெள்ளத்தை விடுவது, மழை முடிந்தபின் நல்ல தண்ணீரைத் தேக்கிவைப்பது. கோடையில் இதன் அருமை தெரியும். கதவு இல்லாத வாய்க்காலில் சித்திரையில் உப்புநீர் ஏறி, குளத்து ஊற்று, கைப்பம்பு எல்லாம் கரிக்கும்.

வெள்ளத்துக்கு? கதவு கடல் வாங்கும் நேரத்தைக் கூட்டுவதில்லை. வாங்காத நேரத்தில் எதிர்த்து வரும் தண்ணீரைத் தடுக்கிறது, அவ்வளவுதான். அதுவும் கதவைச் சரியான மணிக்கு ஏற்றி இறக்கினால்தான். உப்புக்காற்றில் இரும்பு அரிக்கும், சங்கிலி இறுகும், நள்ளிரவு வற்றத்துக்குக் கதவைத் தூக்க ஆள் இருக்காது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் வெள்ளத்தோடு போனதை எல்லோரும் பார்த்தோம். அது 1836இல் கட்டிய அணை, கடைமடையிலும் இல்லை. ஆனாலும் கட்டுவதற்குக் கிடைக்கும் பணம் பராமரிப்புக்குக் கிடைக்காத எந்தக் கதவுக்கும் அது ஒரு பாடம்.

தூர்வாருதலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்த வடிகாலைச் சுத்தம் செய்தால், கடல் வாங்குகிற அந்தச் சில மணி நேரத்தில் இரண்டு மடங்குத் தண்ணீர் ஓடலாம். அது மழைக்கு முன் முடிந்தாக வேண்டும். புரட்டாசியில் மண்ணை அள்ளிக் கரையில் போட்டுவிட்டு ஐப்பசி மழையில் அதே மண் வாய்க்காலில் சரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், எங்கே ஆழப்படுத்துவது என்பதும் முக்கியம். கடலை ஒட்டிய கடைசிச் சில கிலோமீட்டரில் படுகை ஏற்கெனவே கடல் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கே இன்னும் தோண்டினால் உப்புநீர் இன்னும் உள்ளே ஏறும். அங்கே வேண்டியது அகலம். ஆழம் மேலே வேண்டும்.

கதவணையின் இன்னொரு பக்கத்தைப் பார்க்கக் கேரளத்தின் குட்டநாட்டுக்குப் போக வேண்டும். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் அந்தப் பகுதிக்காக, உப்புநீரைத் தடுக்க வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை கட்டினார்கள். 1970களின் நடுவிலிருந்து அது இயங்குகிறது. நெல்லுக்கு நல்லது நடந்தது. ஆனால் உப்பு வந்து போவது நின்றதும் ஆகாயத்தாமரை சாவது நின்றது, காயலில் அழுக்கு தங்கியது, கடலிலிருந்து ஏறிவரும் மீனும் இறாலும் குறைந்தன. எப்போது கதவைத் திறப்பது என்று நெல் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் வருடாவருடம் வாதம். எங்கள் முகத்துவாரங்களிலும் படகு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கதவின் சாவி யாரிடம் என்பதைக் கட்டும் முன்பே பேசிவிட வேண்டும்.

பம்ப் வைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குட்டநாட்டில் பெட்டியும் பறையும் என்ற உள்ளூர்ப் பம்ப் வைத்து வயலை இறைக்கிறார்கள். நெதர்லாந்தில் காற்றாலையில் தொடங்கி இன்று மின்மோட்டாரில் வந்து நிற்கிறது. சுற்றிலும் வரப்பு உயர்த்திய, அளவான வயல்கூட்டத்துக்கு அது சரிப்படும். நான்கு பக்கமும் திறந்துகிடக்கும் எங்கள் வயல்வெளிக்கு எத்தனை பம்ப் வைப்பது? மின்சாரம் போகும் புயல் இரவில்தான் அது ஓட வேண்டியிருக்கும். நாகை, திருவாரூர் நகரங்களின் தாழ்ந்த தெருக்களுக்கு வைக்கலாம், கட்டாயம்.

வண்டலை உள்ளே விடுவது: வங்கதேசம் கற்றது

இந்த வழியை நான் நீண்ட நாள் ஆசையோடு படித்துவந்தேன். நம் கடலின் வடக்குக் கோடியில் நடந்தது அது.

வங்கதேசத்தின் கடலோரத்தில் 1960களில் தொடங்கி 139 இடங்களில் நிலத்தைச் சுற்றி மண்கரை எழுப்பினார்கள். போல்டர் என்று அதற்குப் பெயர். மொத்தம் சுமார் 12 லட்சம் ஹெக்டேர். ஓதநீர் உள்ளே வராது, உப்பு ஏறாது, நெல் விளையும். முதல் சில ஆண்டுகள் அப்படியே நடந்தது. ஆனால் ஓதத்தோடு வரும் வண்டலுக்கு இறங்க இடமில்லாமல் போனது. நிலத்தில் படிய வேண்டிய சேறு ஆற்றுக்குள்ளேயே படிந்தது. குல்னா, ஜெசோர் பகுதியில் 1980களில் ஆற்றுப் படுகை கரைக்கு உள்ளே இருக்கும் வயலைவிட உயரமாகிவிட்டது. மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வயல்கள் ஆண்டு முழுவதும் குளமாக நின்றன. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரையே வெள்ளத்தை உள்ளே பிடித்து வைத்தது.

1990இல் பீல் டாகாதியாவில் மக்களே கரையை வெட்டினார்கள். பீல் என்றால் அங்கே தண்ணீர் தேங்கும் தாழ்நிலம். 1997இல் பீல் பைனாவில் மறுபடியும் வெட்டினார்கள். சுமார் நான்கு ஆண்டுகள் ஓதம் உள்ளே வந்து போனது. வந்த ஒவ்வொரு முறையும் சேற்றை இறக்கியது. வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் நிலம் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அதைவிட எனக்கு ஆச்சரியம் ஹரி ஆற்றுக்கு நடந்தது. அவ்வளவு தண்ணீர் உள்ளே போய்த் திரும்பியதில் அடைந்துகிடந்த ஆறு தன்னைத் தானே தோண்டிக்கொண்டது. எந்த இயந்திரமும் வரவில்லை. பொறியாளர்கள் பிறகு அதை ஒரு முறையாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்கு நேர் எதிரான சான்று போல்டர் 32. 2009 மே மாதம் அய்லா புயல் அதன் கரையை உடைத்தபோது, உள்ளே இருந்த நிலம், ஓதம் ஏறி நிற்கும் சராசரி மட்டத்தைவிட 1 முதல் 1.5 மீட்டர் தாழ்ந்திருந்தது. பக்கத்திலேயே கரை கட்டாத சுந்தரவனக் காடு ஓதத்தோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே வந்திருந்தது. கரைக்குள் இருந்த மக்கள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தண்ணீரில் இருந்தார்கள்.

ஆனால் இதையும் வெற்றிக் கதையாக மட்டும் சொல்லக் கூடாது. வயலைச் சில ஆண்டுகள் ஓதத்துக்குக் கொடுத்தால் அந்த ஆண்டுகளில் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? கிழக்கு பீல் குக்ஷியாவில் 2006இல் இதைத் தொடங்கியபோது, இழப்பீடு வாங்கப் பத்திரம் கேட்டு, காகிதம் கேட்டு விவசாயிகளை அலைக்கழித்தார்கள். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2012இல் பீல் கபாலியாவில் எதிர்ப்பு கைகலப்பில் முடிந்து வேலையே நின்றுபோனது. வண்டல் ஒரே சீராகவும் படியாது. வெட்டிய இடத்துக்கு அருகில் மேடாகும், தொலைவில் பள்ளமாகவே இருக்கும்.

சரி, எங்களுக்கு இது ஆகுமா? ஆகாது என்ற முடிவுக்கு மனசில்லாமல்தான் வந்தேன். அங்கே ஓதம் இரண்டு, மூன்று மீட்டர் ஏறுகிறது. எங்களுக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டல் கொண்டுவருகின்றன. எங்கள் ஆற்றின் வண்டல் அணைகளுக்குள் கிடக்கிறது. கரையை வெட்டினால் எங்கள் வயலுக்குள் வருவது உப்புத்தண்ணீர் மட்டும்தான்.

ஆனால் ஹரி ஆற்றின் பாடம் எங்களுக்கும் பொருந்தும். ஓதம் உள்ளே போய்த் திரும்ப இடம் இருந்தால்தான் முகத்துவாரம் திறந்திருக்கும். அந்த இடத்தைச் சுருக்கினால் திரும்பி ஓடும் தண்ணீரின் வேகம் குறையும், மணல் வாயை அடைக்கும். கழிமுகத்துத் தாழ்நிலத்தை இறால் பண்ணைக்கும் மற்றதுக்கும் வளைத்துக் கரை போட்டபின், "முகத்துவாரம் தூர்ந்துபோச்சு" என்று வருடாவருடம் இயந்திரம் கேட்பது இதனால்தான். இயக்கு அணையைக் கடல் ஓரத்திலேயே கட்டினால் அதே தவறு நடக்கும். கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டி, வெளிப்பக்கத்தை ஓதத்துக்கு விட்டுவிட வேண்டும்.

தண்ணீருக்கு இடம் விடுவது

நெதர்லாந்தில் 1953 பிப்ரவரியில் கடல் கரையை உடைத்து 1,836 பேர் இறந்தபிறகு, கடலுக்கு எதிராக உலகிலேயே பெரிய தடுப்புகளைக் கட்டினார்கள். அதே நாட்டில் 1995இல் ஆற்று வெள்ளத்துக்குப் பயந்து 2.5 லட்சம் பேரை வெளியேற்ற வேண்டிவந்தது. கரையை இன்னும் உயர்த்துவது என்ற பழைய பதிலை அவர்கள் அப்போது சொல்லவில்லை. 30க்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் கொடுத்தார்கள். நைமேகன் நகருக்கு எதிர்க்கரையில் கரையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். ஓவர்டீப் போல்டரில் விவசாயிகளே முன்வந்து, பண்ணை வீடுகளை மேடு எழுப்பி அதன்மேல் கட்டிக்கொண்டு, வயலை வெள்ளத்துக்குத் திறந்துவிடச் சம்மதித்தார்கள். சிலர் வேறு இடம் போனார்கள்.

மீகாங் டெல்டா எதிர்த்திசையில் போய்ப் பார்த்தது. 2000ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு வியட்நாமின் ஆன் ஜியாங் மாகாணத்தில் உயரமான கரைகள் எழுப்பி மூன்றாம் போக நெல் போட்டார்கள். விளைச்சல் கூடியது. வெள்ளம் தங்கிய இடம் போனது, அது கொண்டுவந்த வண்டல் வயலுக்கு வராமல் உரச்செலவு ஏறியது. 2017 நவம்பரில் அந்த அரசே, இயற்கையோடு ஒத்துப்போவதே இனி வழி என்று தீர்மானம் போட்டது.

எங்கள் ஊர்களில் இது எப்படி இருக்கும்? ஒவ்வொரு வடிகாலின் ஓரத்திலும் முதலில் மூழ்கி, கடைசியில் வடியும் வயல்கள் எவை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பத்து ஆண்டில் ஏழு ஆண்டு அங்கே சம்பா தேறாது. ஒவ்வொரு முறையும் மூழ்கியபின் அதிகாரிகள் வந்து கணக்கெடுத்து, நிவாரணம் வந்து சேரத் தை மாதம் தாண்டிவிடும். அதற்குப் பதிலாக அந்த வயல்களை ஐப்பசி முதல் மார்கழி வரை தண்ணீர் தங்கும் இடமாக ஒப்பந்தம் போட்டு, மழைக்கு முன்பே ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்துவிடலாம். தை பிறந்து தண்ணீர் வடிந்ததும் உளுந்து, பயறு போட்டுக்கொள்ளலாம். அந்த வயல் தாங்கும் தண்ணீர் மேலே உள்ள நூறு ஏக்கர் சம்பாவைக் காக்கும்.

இதில் கவனமாக இருக்க வேண்டியது யாருக்குப் பணம் போகிறது என்பது. டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம் நிறைய. உழுபவர் ஒருவர், பட்டா வேறொரு பெயரில். குக்ஷியாவில் வாரக்காரர்களுக்கு நடந்தது இங்கே குத்தகைதாரர்களுக்கு நடக்கக் கூடாது. வயல் வேலை இல்லாமல் போகும் கூலிக்காரப் பெண்களின் மூன்று மாதச் சம்பளத்தையும் அந்த வாடகைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

மற்ற வழிகள்

அலையாத்திக் காட்டைக் கடற்சுவருக்கு மாற்று என்று பேசுகிறார்கள். அதன் பலன் அதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். முத்துப்பேட்டையில் 1990களில் இருந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் உள்ளே போய்வர வழிசெய்து அலையாத்தியைப் பரப்பினார்கள். நான் மேலே சொன்ன, ஓதத்துக்கு விட்டுவைத்த இடம் என்பது நடைமுறையில் இந்தக் காடுதான். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியபோது இந்தக் காடும் நிறைய அடிபட்டது. ஆனாலும் சுவர் இடிந்தால் யாராவது கட்ட வேண்டும், காடு தானே முளைக்கும். மணல் திறந்துகிடக்கும் கடற்கரையில் அலையாத்தி நட்டு அறிக்கை எழுதுவதில் பயனில்லை. சேறும் ஓதமும் இருக்கும் கழிமுகத்தில்தான் அது வாழும்.

நெல்லைப் பொறுத்தவரை, சி.ஆர். 1009 சப் 1 ரகம் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தும் பிழைத்து எழுகிறது. இது இன்றே கைக்கு எட்டும் வழி, ஒரு போக விதைச் செலவில் முடிவது. ஆனால் கதிர் வரும் நேரத்தில் மூழ்கினால் எந்த ரகமும் தப்பாது.

உப்பு ஏறிவிட்டது, இறாலுக்கு மாறிவிடுவோம் என்பவர்களுக்கு: நாகை மாவட்டத்தில் 1990களில் அதைப் பார்த்துவிட்டோம். ஒருவர் குளத்து உப்பு பக்கத்து வயலுக்கும் குடிதண்ணீருக்கும் போனது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. கூலிக்கு நடவு நட்ட கைகளுக்கு இறால் குளத்தில் வேலையும் இல்லை.

ஊரை மாற்றுவது எல்லாவற்றிலும் கடினம். சுனாமிக்குப் பிறகு 2005இல் கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் வீடு தருவதாக அரசு சொன்னபோது, மீனவக் குடும்பங்கள் தயங்கின. படகையும் கடலையும் வாசலில் நின்று பார்க்காமல் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. யாரையும் துரத்தக் கூடாது. ஆனால் தாழ்ந்த இடத்தில் புதிதாக மனை பிரிக்க அனுமதி கொடுப்பதை இன்றே நிறுத்தலாம். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

என்னைக் கேட்டால்

முதல் பணம் வடிகாலுக்கும், முகத்துவாரத்தில் ஓதத்துக்கு விட்டுவைக்கும் நிலத்துக்கும் போக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கடல் வாங்கும் நேரம் முழுதாகப் பயன்படும். அதற்கு அடுத்தது பள்ளத்து வயல்களுக்கு வாடகை. கடல் இன்னும் உயர உயர, வடியும் நேரம் குறைந்துகொண்டேதான் போகும். எவ்வளவு தூர்வாரினாலும் ஒருநாள் போதாது. அன்றைக்குத் தண்ணீர் தங்க இடம் இருக்க வேண்டுமென்றால், மனை விழும் முன்பே அந்த இடத்தைப் பிடித்துவைக்க வேண்டும். இயக்கு அணை வேண்டும், ஆனால் எண்ணிக்கை குறைவாக, கடலை விட்டுத் தள்ளி, பராமரிப்புப் பணமும் ஆளும் உறுதியான பிறகு. கல் சுவர் பழைய ஊர்களோடு நிற்கட்டும். வெள்ளம் தாங்கும் விதை எல்லோருக்கும் இந்தப் போகத்திலேயே கிடைக்கட்டும்.

இதில் எதைத் தொடங்குவதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஒவ்வொரு இயக்கு அணையிலும் உள்பக்கம் ஒன்று, கடல்பக்கம் ஒன்று என இரண்டு அளவுக்கம்பம் நட்டு, ஐப்பசி முதல் மார்கழி வரை மணிக்கொரு முறை தண்ணீர் மட்டத்தைக் குறிக்க வேண்டும். எத்தனை மணிக்குக் கதவு ஏறியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்பதையும் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒரு நாளில் கடல் எத்தனை மணி நேரம் வாங்கியது என்பதை அப்போது ஊரே படிக்கலாம், அடுத்த ஆண்டோடு ஒப்பிடலாம், குறைதீர் கூட்டத்துக்கும் எடுத்துப் போகலாம். அப்பாவின் மூங்கில் குச்சி இன்னும் மாட்டுக்கொட்டகை இறவாணத்தில் செருகியிருக்கிறது. அதில் எந்தக் கீறல் எந்த ஆண்டு என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.